ஓடைக்கு ஒரு கணக்கு நோட்டு

பாலராமபுரத்தில் நெசவாளர் தெருக்கள் உண்டு. விடியற்காலையில் தெரு நீளத்துக்குப் பாவு விரித்திருப்பார்கள். நூலுக்குக் கஞ்சி போடுவார்கள். வெயில் ஏறும் முன் வேலை முடிய வேண்டும்.

கஞ்சி காய்ச்சத் தண்ணீர் வேண்டும். நூல் நனைக்கத் தண்ணீர் வேண்டும். சோறு பொங்க, துணி துவைக்க, மாட்டுக்குக் காட்ட, எல்லாவற்றுக்கும் தண்ணீர் வேண்டும்.

அங்கிருந்து தெற்கே போனால் நெய்யாற்றின்கரை. அமரவிளையில் நெய்யாற்றுப் பாலம். அதைத் தாண்டினால் பாறசாலை. அப்புறம் களியக்காவிளை, தமிழ்நாட்டு எல்லை. இந்த ஊர்களின் பெரிய ஆறு நெய்யாறுதான். பல ஊர்களுக்குக் குழாய்த் தண்ணீர் இந்த ஆற்றிலிருந்தே வருகிறது.

ஆற்றுக்குத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது? வாருங்கள், மேலே போய்ப் பார்ப்போம்.

மலையிலிருந்து கடல் வரை

நெய்யாறு அகத்தியமலையில் பிறக்கிறது. இந்த மலை 1,800 மீட்டருக்கு மேல் உயரமானது. காட்டுக்குள் நூற்றுக்கணக்கான சிறு ஓடைகள் ஓடுகின்றன. அவை ஒன்றோடு ஒன்று சேருகின்றன. கல்லாறு, முல்லையாறு ஆகியவையும் வந்து சேருகின்றன. பிறகு நெய்யாறு அணை. ஆறு அருவிப்புறம் வழியாக இறங்குகிறது. அமரவிளையைக் கடந்து பூவாரில் கடலில் கலக்கிறது. மொத்தம் 56 கிலோமீட்டர்.

1958 இல் அணைக்கு மேலே உள்ள காடு வனவிலங்குச் சரணாலயம் ஆனது. காணி மக்கள் இந்த மலைகளில் தலைமுறை தலைமுறையாக வாழ்கிறார்கள். 2016 இல் அகத்தியமலைக் காட்டுப் பகுதியை யுனெஸ்கோ உலகின் உயிர்க்கோளக் காப்பகங்களில் ஒன்றாகச் சேர்த்தது.

2017 இல் கடும் வறட்சி வந்தது. திருவனந்தபுரம் நகரத்துக்கே குடிக்கத் தண்ணீர் குறைந்தது. அப்போது நெய்யாறு அணைத் தண்ணீரை மோட்டார் வைத்து இறைத்து, கரமனை ஆற்றுக்கு அனுப்பி, அருவிக்கரை வழியாக நகரத்துக்குக் கொண்டுபோனார்கள். காட்டு ஓடை வற்றினால் என்ன ஆகும் என்று அன்று நகரத்தாருக்கும் தெரிந்தது.

தெளிந்த தண்ணீர் எல்லாம் நல்ல தண்ணீரா?

"தண்ணீர் கண்ணாடி மாதிரி இருக்கு. குடிச்சா என்ன?" என்று கேட்பவர்கள் உண்டு. கண்ணுக்குத் தெரிவது அழுக்கு மட்டும்தான். நோய்க் கிருமி கண்ணுக்குத் தெரியாது. கரைந்த உப்பும் மருந்தும் தெரியாது.

2024 ஜூலை, ஆகஸ்டு மாதங்களில் நெய்யாற்றின்கரைப் பக்கத்தில் சிலருக்கு அமீபா மூளைக்காய்ச்சல் வந்தது. ஓர் இளைஞர் இறந்தார். ஒரு குளத்தில் குளித்தவர்களுக்கு அந்த நோய் வந்ததால், குளத்தில் இறங்க வேண்டாம் என்று தடுத்தார்கள். அமீபா என்பது கண்ணுக்குத் தெரியாத சிறு உயிர். தேங்கிய வெதுவெதுப்பான தண்ணீரில் இருக்கும். மூக்கு வழியாக மூளைக்குப் போகும்.

ஆகவே பார்த்தால் போதாது. சோதித்துப் பார்க்க வேண்டும். ஒரு முறை சோதித்தாலும் போதாது. மழைக்கு முன்பு ஒரு மாதிரி இருக்கும் தண்ணீர், மழைக்குப் பின்பு வேறு மாதிரி இருக்கும். கோடையில் ஓடை மெலியும். அப்போது கொஞ்சம் அழுக்கு விழுந்தாலும் பெரிதாகத் தெரியும். அதனால் பருவம் தவறாமல் பார்க்க வேண்டும்.

கேரளத்தில் மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் ஆற்று நீரைச் சோதிக்கிறது. அருவிப்புறத்தில் மத்திய நீர் ஆணையம் நெய்யாற்றின் நீர்மட்டத்தை அளக்கிறது. கோழிக்கோட்டில் 1978 முதல் நீர்வள ஆய்வு நிலையம் இயங்குகிறது. இப்படிப்பட்ட வேலைகளுக்குக் காட்டு ஓடை வரை நடந்துபோய்த் தண்ணீர் எடுத்துவர ஆள் வேண்டும். அதற்குப் பருவந்தோறும் சிறு குழுக்கள் போகும். குழுவுக்கு ஒரு தலைவர் வேண்டும். அவருடைய வேலை என்ன?

புறப்படும் முன்பு

ஆறு பேர் கொண்ட ஒரு குழுவை நினைத்துக்கொள்வோம். தலைவியை எல்லாரும் "அக்கா" என்கிறார்கள். அளப்பதற்கு இரண்டு பேர். எழுதுவதற்கு ஒரு பெண். வழி காட்ட ஒரு காணிப் பெரியவர். அவரை எல்லாரும் "பாட்டா" என்கிறார்கள். கூட ஒரு வனக் காவலர்.

சரணாலயத்துக்குள் நினைத்தபடி நுழைய முடியாது. வனத்துறையிடம் எழுதிக் கேட்டு அனுமதி வாங்க வேண்டும். யார் யார் போகிறார்கள், எந்த வழியாகப் போகிறார்கள், எத்தனை மணிக்குத் திரும்புவார்கள் என்று வன அலுவலகத்தில் எழுதி வைக்க வேண்டும். குறித்த நேரத்தில் திரும்பாவிட்டால் தேடி வருவார்கள். இது தலைவியின் முதல் வேலை.

அடுத்து, சாமான் சரிபார்ப்பு. அளவு நாடா, கயிறு, வெப்பமானி, சுத்தமான பாட்டில்கள், ஐஸ் பெட்டி, முதலுதவிப் பெட்டி, விசில், நோட்டு, பென்சில். பேனா எதற்கு வேண்டாம்? நனைந்தால் மை கரைந்துவிடும். பென்சில் எழுத்து அழியாது.

மூன்றாவது, ஆட்களின் உடம்பு. காலில் புண் உள்ளவரைத் தண்ணீரில் இறக்கக் கூடாது. எலியின் சிறுநீர் கலந்த தண்ணீர் புண்ணில் பட்டால் எலிக்காய்ச்சல் வரும். சேற்றிலும் தண்ணீரிலும் வேலை செய்பவர்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டால் முன்கூட்டியே சாப்பிட மாத்திரை தருவார்கள். கேட்டு வாங்க வேண்டும்.

கூலிக் கணக்கும் தலைவி கையில்தான். யார் எத்தனை நாள் வந்தார்கள் என்று அன்றன்றே எழுதி, அவரவர் கையெழுத்து வாங்கிவிடுவார். பிறகு சண்டை இல்லை.

காட்டுக்குள் சில விதிகள்

யாரும் தனியாகப் போகக் கூடாது. ஒவ்வொரு இடத்திலும் தலைவி ஆட்களை எண்ணுவார். முன்னே பாட்டா நடப்பார். யானைச் சாணம் புதிதாகக் கிடக்கிறதா, கிளை ஒடிந்திருக்கிறதா என்று அவருக்குத் தெரியும். அவர் நில் என்றால் எல்லாரும் நிற்க வேண்டும். அணைத் தேக்கத்தில் முதலைகள் உண்டு. அங்கே கரையில் கண்ட இடத்தில் கால் வைக்கக் கூடாது.

பெரிய ஆபத்து மழைதான். நிற்கிற இடத்தில் வெயில் அடிக்கும். மேலே மலையில் மழை கொட்டும். சற்று நேரத்தில் ஓடையில் வெள்ளம் வந்துவிடும். அதற்கு முன் அறிகுறிகள் உண்டு. தண்ணீர் திடீரென்று கலங்கும். சருகும் குச்சியும் மிதந்து வரும். இரைச்சல் கூடும். இவற்றில் ஒன்றைக் கண்டாலும் உடனே கரையேற வேண்டும். பாட்டிலைப் பார்க்கக் கூடாது. உயிரைப் பார்க்க வேண்டும்.

அணைக்கு அருகே உள்ள அம்பூரியை இங்கே யாரும் மறக்கவில்லை. 2001 நவம்பர் 9 அன்று இரவு, பெருமழையில் மலைச்சரிவு இடிந்து விழுந்தது. முப்பதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். ஆகையால் துலா மழைக் காலத்தில் "திரும்புவோம்" என்று சொல்லத் தெரிந்தவரே நல்ல தலைவர்.

தண்ணீர் எடுக்கும் முறை

ஓடையில் ஐந்து இடங்களைக் குறித்து வைத்திருக்கிறார்கள். ஒவ்வொரு பருவத்திலும் அதே ஐந்து இடங்கள்தான். இடம் மாறினால் போன தடவைக் கணக்கோடு ஒப்பிட முடியாது. நேரமும் ஏறக்குறைய ஒன்றாக இருக்க வேண்டும். காலைத் தண்ணீர் குளிர்ச்சியாக இருக்கும். மதியத் தண்ணீர் சூடாக இருக்கும்.

தண்ணீர் வரும் திசையைப் பார்த்து நிற்க வேண்டும். நம் காலில் கலங்கிய சேறு பின்னால் போய்விடும். பாட்டிலில் சேராது. கிருமிச் சோதனைக்கு உரிய பாட்டிலின் வாயிலும் மூடியின் உட்புறத்திலும் விரல் படக் கூடாது. பட்டால் அது ஓடையின் கிருமியா, நம் கைக் கிருமியா என்று தெரியாது. எடுத்ததும் ஐஸ் பெட்டியில் வைத்து, முடிந்தால் ஆறு மணி நேரத்துக்குள் சோதனைக் கூடத்தில் சேர்க்க வேண்டும்.

என்னென்ன பார்க்கிறார்கள்?

ஒன்று, சூடு. வெப்பமானியை ஓடைக்குள்ளேயே வைத்துப் பார்க்க வேண்டும்.

இரண்டு, பி.எச். அளவு. இது தண்ணீரின் புளிப்பையும் காரத்தையும் காட்டும். 7 என்றால் நடுநிலை. குறைந்தால் புளிப்பு. கூடினால் காரம். குடிநீருக்கு 6.5 முதல் 8.5 வரை இருக்கலாம் என்பது இந்தியத் தர அளவு. ரப்பர் ஷீட் உறைய வைக்கும் அமிலக் கழிவு ஓடையில் விழுந்தால் இந்த எண் இறங்கும்.

மூன்று, தண்ணீரில் கரைந்த ஆக்சிஜன். மீனும் புழுவும் மூச்சு விட இது வேண்டும். பாறையில் மோதி ஓடும் குளிர்ந்த தண்ணீரில் இது நிறைய இருக்கும். சாக்கடை கலந்தால் குறையும்.

நான்கு, கலங்கல். மேலே மண் வெட்டினால், காடு அழிந்தால், மழையில் மண் கரைந்து வரும்.

ஐந்து, மலக் கிருமி. குடிக்கும் தண்ணீரில் 100 மில்லி லிட்டருக்கு ஒன்றுகூட இருக்கக் கூடாது. இதைப் பார்க்க ஒரு சிறு மருந்துப் பாட்டில் உண்டு. குறியிட்ட அளவு தண்ணீர் ஊற்றி மூடி வைக்க வேண்டும். ஒன்றிரண்டு நாளில் கறுத்தால் மலம் கலந்திருக்கலாம் என்று பொருள். காட்டு ஓடைத் தண்ணீரும் கறுக்கலாம். மானும் யானையும் அங்கேதானே இருக்கின்றன! அதனால் காட்டுத் தண்ணீரானாலும் கொதிக்க வைத்தே குடிக்க வேண்டும்.

கருவி இல்லாமலும் ஒரு சோதனை செய்யலாம். ஓடையில் ஒரு கல்லை மெல்லப் புரட்டிப் பாருங்கள். தட்டையான உடம்பும் மூன்று மெல்லிய வாலும் உள்ள பூச்சிகள் ஒட்டியிருந்தால் தண்ணீர் நல்ல நிலையில் இருக்கிறது. மணலையும் இலைத் துண்டையும் ஒட்டிக் கூடு கட்டும் புழுக்களும் பெரும்பாலும் நல்ல தண்ணீரில்தான் இருக்கும். அவை எல்லாம் மறைந்து, சிவப்புப் புழுக்கள் மட்டும் நெளிந்தால் தண்ணீர் கெட்டிருக்கிறது. பார்த்த பின் கல்லைப் பழையபடி வைத்துவிட வேண்டும். அது அவற்றின் வீடு.

ஓடையில் எவ்வளவு தண்ணீர்?

இதற்கு ஒரு எலுமிச்சம்பழம் போதும். கரையில் 10 மீட்டர் அளந்து இரண்டு குச்சி நட வேண்டும். மேல் குச்சிக்கு நேரே பழத்தைத் தண்ணீரில் விட வேண்டும். கீழ்க் குச்சிக்கு வர எத்தனை வினாடி என்று பார்க்க வேண்டும். மூன்று முறை செய்து சராசரி எடுக்க வேண்டும்.

எடுத்துக்காட்டாக, 20 வினாடி ஆகிறது. அப்படியானால் வினாடிக்கு அரை மீட்டர் வேகம். ஓடையின் அகலம் 4 மீட்டர். ஐந்து இடத்தில் ஆழம் பார்த்துச் சராசரி எடுத்தால் அரை மீட்டர். இப்போது பெருக்குங்கள்.

4 × 0.5 × 0.5 = 1 கன மீட்டர்.

மேல் தண்ணீர் வேகமாக ஓடும். அடித் தண்ணீர் கல்லில் உரசி மெல்ல ஓடும். அதனால் 0.8 ஆல் பெருக்கிக்கொள்ள வேண்டும். விடை 0.8 கன மீட்டர். ஒரு கன மீட்டர் என்பது 1,000 லிட்டர். அதாவது வினாடிக்கு ஏறக்குறைய 800 லிட்டர் தண்ணீர் ஓடுகிறது.

போகாத இடத்துக்கு எண் இல்லை

துலா மழைக் காலத்தில் ஒரு நாள். நான்காவது இடத்தில் வேலை நடக்கிறது. மலையில் இடி முழங்குகிறது. தண்ணீரின் நிறம் மாறுகிறது. பாட்டா கையைக் காட்டுகிறார். தலைவி விசில் ஊதுகிறார். எல்லாரும் கரையேறுகிறார்கள். தலைவி எண்ணிப் பார்க்கிறார். ஆறு பேரும் இருக்கிறார்கள். ஐந்தாவது இடத்துக்குப் போக முடியவில்லை.

மாலையில் கொட்டகையில் உட்கார்ந்து நோட்டைச் சரிபார்க்கிறார்கள். எழுதும் பெண் இரண்டு வருடத்துக்கு முன்புதான் எழுத்தறிவு வகுப்பில் எழுதப் படித்தவர். ஐந்தாவது கட்டம் காலியாக இருப்பது அவருக்குச் சங்கடமாக இருக்கிறது.

"அக்கா, போன தடவ அங்க 7.1. அதுக்கு முன்னாலயும் 7.1 தான். அதையே எழுதிரட்டா? பக்கம் நிறஞ்சிரும்லா."

"வேண்டாம் மக்கா. நாம போகாத எடத்துக்கு நம்பர் எழுதக் கூடாது."

"வெறுமனே விட்டா நாம வேலை செய்யலன்னு சொல்ல மாட்டாங்களா?"

"ஏன் போகலன்னு எழுது. 'மழை. தண்ணீர் ஏறியது. போகவில்லை.' அதுவும் ஒரு கணக்குதான். பாவுல எழை அறுந்தா மறைச்சு வச்சா நெசவாயிருமா? அறுந்த எடம் தெரிஞ்சாத்தான் முடிச்சுப் போடலாம்."

அந்தப் பெண் அப்படியே எழுதுகிறார்.

தலைவி ஏன் இவ்வளவு கண்டிப்பு? அந்த வாரம் மேலே எங்காவது மண் சரிந்திருக்கலாம். கழிவு கலந்திருக்கலாம். உண்மையான எண் 5.9 ஆக இருந்திருக்கலாம். பொய்யாக 7.1 என்று எழுதினால், பின்னால் படிப்பவர் எல்லாம் நலம் என்று நினைப்பார். கீழே ஊரில் அதை நம்பித் தண்ணீர் குடிப்பார்கள். ஒரு பொய் எண் தெரிந்துவிட்டால், மற்ற உண்மை எண்களையும் யாரும் நம்ப மாட்டார்கள்.

எழுதுவதில் இன்னும் சில பழக்கங்கள் உண்டு. அளப்பவர் எண்ணை உரக்கச் சொல்ல வேண்டும். எழுதுபவர் அதைத் திருப்பிச் சொல்லிவிட்டு எழுத வேண்டும். 7.2 என்பதில் புள்ளி விட்டுப்போனால் 72 ஆகிவிடும். பி.எச். அளவு 14 க்கு மேல் போகாது. அதனால் அந்தத் தவறு தெரிந்துவிடும். 6.1 என்பதை 6.7 என்று எழுதினால் தெரியவே தெரியாது. தவறினால் அழிக்கக் கூடாது. ஒரு கோடு போட்டு அடித்து, பக்கத்தில் சரியானதை எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும்.

தூர தேசத்து ஓடை

நோட்டில் எழுதி என்ன ஆகப் போகிறது என்று தோன்றலாம். அமெரிக்காவில் ஹப்பார்டு புரூக் என்ற காடு இருக்கிறது. 1963 இல் அங்கே சிலர் ஓடைத் தண்ணீரையும் மழைத் தண்ணீரையும் சோதிக்கத் தொடங்கினார்கள். வாரந்தோறும், அதே இடங்களில், விடாமல் எடுத்தார்கள். மழைத் தண்ணீரில் புளிப்பு மிகுந்திருப்பது தெரிந்தது. தொலைவில் நிலக்கரி எரிக்கும் மின் நிலையங்களின் புகைதான் மழையில் அமிலமாக இறங்கியது. வருடக் கணக்கில் எழுதிய எண்கள் சாட்சியாக நின்றன. 1990 இல் அந்தப் புகையைக் குறைக்க அந்த நாட்டில் சட்டம் வந்தது.

ஒரு நாள் எழுதிய எண் ஒரு செய்தி. பல வருடம் எழுதிய எண் சாட்சி.

நம் ஊரில் என்ன செய்யலாம்?

எல்லாரும் காட்டுக்குப் போக முடியாது. போகவும் வேண்டாம். நம் தெருக் கிணறு இருக்கிறது. வயல் ஓரத்தில் தோடு இருக்கிறது. குளம் இருக்கிறது.

2019 இல் தொடங்கிய ஜல் ஜீவன் திட்டத்தில் ஊருக்கு ஐந்து பெண்களுக்குத் தண்ணீர் சோதிக்கப் பயிற்சி தர வழி செய்தார்கள். சோதனைப் பெட்டியும் உண்டு. உங்கள் ஊரில் அந்தப் பெட்டி யாரிடம் இருக்கிறது? பஞ்சாயத்தில் கேளுங்கள்.

நான்கைந்து பேர் சேர்ந்து ஒரு நோட்டு வாங்குங்கள். இப்படி எழுதத் தொடங்குங்கள்:

நாள். நேரம். இடம். நேற்று மழை உண்டா? தண்ணீரின் நிறம். நாற்றம் உண்டா? ஆழம் அல்லது நீர்மட்டம். மீன், பூச்சி உண்டா? எழுதியவர் பெயர்.

இடவப்பாதி மழைக்கு முன் ஒரு முறை. மழையின் நடுவில் ஒரு முறை. துலா மழைக்குப் பின் ஒரு முறை. கோடையில் ஒரு முறை. வருடத்துக்கு நான்கு முறை போதும். அதே இடம். அதே முறை. பார்க்காததை எழுத வேண்டாம்.

மூன்று வருடம் கழித்து அந்த நோட்டைக் கிராம சபைக்கு எடுத்துப் போங்கள். "எங்க கிணத்துத் தண்ணி கெட்டுப்போச்சு" என்று வெறுமனே சொன்னால், "எப்போ? எப்படித் தெரியும்?" என்று கேட்பார்கள். நோட்டைத் திறந்து காட்டினால், எந்த மாதம், எந்த வருடம் என்று நாள் குறிப்போடு பதில் சொல்லலாம்.